தண்ணீர் பட்ட இடம்

வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர் நிறைந்த பையை ஒரு தாளின் மேல் வைத்து, அடியில் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். மற்றவர்கள் செய்தித்தாள் வைப்பார்களாம். இந்தி எழுத்து எனக்குச் சட்டென்று ஓடாது என்பதால், ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை வைப்பேன். ராகு காலம், எமகண்டம், ராசி பலன் எல்லாம் அந்த மஞ்சள் தண்ணீருக்கு அடியில் பளிச்சென்று தெரியும். என் ராசிக்கு நேரே 'கவலை' என்று போட்டிருந்தால், தண்ணீர் தெளிவாக இருந்தும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் அப்படிப்பட்டவள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கித் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. வாரப் பத்திரிகை படிப்பேன், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றில் குழாய் வைத்திருந்தால், எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பியூன். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். சொந்த ஊர் இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். இளையவள் ப்ரியா காலேஜ் போகிறாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழில் பாதி, இந்தியில் பாதி பேசுவாள்.

முதலில் கால் வீங்கியது. பிறகு காலையில் எழுந்தால் வாந்தி. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடிவிட்டது என்றார்கள். உடம்பு வெளியே தள்ள வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, அதன் அளவுதான் அது. கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மெஷின் ஓட ஓடப் பிரஷர் இறங்கும். காது அடைக்கும், கண் இருட்டும், யாரோ என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "மாதாஜி, மாதாஜி" என்று கன்னத்தில் தட்டுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிக் கேட்கும். ஒரு தடவை வெகுநேரம் எழவே இல்லையாம்.

டாக்டர் அம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்: இவருக்கு இதயம் பம்ப் செய்வது பலவீனமாக இருக்கிறது. மெஷின் ஒரே மூச்சில் இழுப்பதை அது தாங்காது. மெதுவாகச் செய்கிற வழி ஒன்றிருக்கிறது, வயிற்று வழி. இவருக்கு அதுதான் சரி.

அந்த வழி இதுதான். நம் வயிற்றுக்குள், குடலைச் சுற்றி ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டால், அந்த ஜவ்வே வடிகட்டியாக இருந்து இரத்தத்திலுள்ள கழிவைத் தண்ணீருக்குள் இறக்கிவிடும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தினமும் நாலு தடவை, வீட்டிலேயே. மயக்கம் இல்லை, ஊசி இல்லை. ஒரே ஒரு பயம். வெளியிலிருந்து நேரே வயிற்றுக்குள் போகிற பாதை அது. ஒரு கிருமி உள்ளே போனால் போதும், ஜவ்வு முழுவதும் புண்ணாகிவிடும். புண் ஆறாவிட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எனக்கு மறுபடி மெஷின்தான். அந்தக் குழாய்தான் என் உயிர் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

குழாய் வைப்பதற்கு முன் டாக்டர் அம்மா கேட்டார், இதற்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் ஏதாவது? ப்ரியா பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதைச் சொன்னேன். அவர் தாளில் எழுதிக்கொண்டே பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டரிடம் "ஸ்டெரிலைஸ்ட்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. ப்ரியாவைப் பெற்ற ஆஸ்பத்திரியிலும் என் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து நர்ஸுகள் அதையேதான் சொல்லிக்கொண்டார்கள். நான் அது ஆபரேஷனின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

குழாய் வைத்து முடிந்ததும் எங்களைப் பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெபா சிஸ்டர். நாகர்கோவில்காரப் பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும் "அக்கா, நம்ம பக்கமா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் கேட்டாள். பேச்சியம்மாள் என்றேன்.

"இங்க உள்ளவங்க எப்பிடிக்கா கூப்பிடுதாங்க?"

"பேச்சி ஜின்னுதாங்க. சில பேரு பேட்சி."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் 'பேச்சியக்கா'தான்.

பாடம் ஆரம்பித்ததும் ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்காட்டி "இது ஸ்டெரைல்", "இதை ஸ்டெரிலைஸ் பண்ணி அனுப்பியிருக்காங்க" என்றாள். பை, குழாய் நுனி, மூடி எல்லாமே. எனக்குக் குழப்பம் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏன் ஜெபா, பிள்ள பெறாம இருக்கச் செய்யுததுக்கும் இதே பேருதான சொன்னாங்க?"

"ஆமாக்கா, ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். எதுவும் முளைக்காதபடி செய்யுறது. நெலத்துக்குச் சொன்னாலும் அதுதான், தரிசாக்குறதுன்னு. இந்தப் பையில கிருமி முளைக்கக் கூடாது. அவ்வளவுதான்." பிறகு விரலை நீட்டிச் சொன்னாள்: "சுத்தம் வேற, ஸ்டெரைல் வேற. இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. நல்லாக் கழுவுன கை சுத்தமான கை. ஆனா ஸ்டெரைல் கெடையாது. அதனாலதான் நுனியத் தொடக் கூடாதுங்குறோம்."

என் வீட்டுக்காரர் கேட்டார், "அப்பம் நீங்க எப்பிடி ஸ்டெரைல் ஆக்குதிய?"

"கம்பெனியில தனி முறை இருக்கு அண்ணே. எங்க ஆபரேஷன் கத்தி, கத்தரி எல்லாம் பெரிய பெட்டியில வச்சு அழுத்தத்துல ஆவி விடுவோம். அவிஞ்சு வெளிய வரும்."

"நம்ம இட்லி மாதிரி."

"இட்லியேதான்னு வச்சுக்கிடுங்களேன்!" என்று அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அதில் என்ன தப்பு?

அவர்தான் எனக்குத் தண்ணீர் மாற்றினார். நான் செய்தால் என் கை நடுங்கும். அவர் கை நடுங்காது. ஆபீஸில் டீ கொண்டுபோகும்போது தட்டில் ஒரு சொட்டுச் சிந்தாத ஆள். ஜன்னலை அடைப்பார், ஃபேனை நிறுத்துவார். காற்றில் தூசி பறந்து குழாய் நுனியில் விழக் கூடாது அல்லவா. முகமூடி கட்டிக்கொண்டு, விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று வரிசையாகக் கை கழுவி, ஈரம் காய்கிறவரை இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். டாக்டர் ஐயா வந்துவிட்டார் என்று, "டாக்டர் சாப் ஆ கயே" என்பாள் ப்ரியா கேலியாக. ஜூன் மாத டெல்லி வெயிலில் ஃபேன் இல்லாமல், அடைத்த அறையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை சொட்டிவிடுமோ என்று நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வார். தண்ணீர் வடிந்து, புதுத் தண்ணீர் ஏறியதும் கடைசியாகக் குழாய் நுனியில் ஒரு சின்ன மூடி போடுவார். பழுப்பு மருந்தில் நனைந்த பஞ்சு அந்த மூடிக்குள்ளேயே இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு மூடி. கழற்றினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

நான் என்ன செய்வேன்? பயப்படுவேன். "மூடி சரியா இறுகிச்சா? உங்க வெரல் பட்ட மாதிரி இருந்துச்சே? இப்பம் நான் இருமுனேனே, அது ஏதும் ஆயிருமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "ஏட்டி, சும்மா கெட. நான் பாத்துக்கிடுதேன்லா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன். ஒரு நாள் பை கொண்டுவரும் வண்டி சாயங்காலம் வரை வரவில்லை என்றதற்கே எனக்கு நெஞ்சு அடைத்து, ப்ரியா ஆட்டோவில் போட்டு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாள். ஈசிஜி எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அவரும் ஆபீஸிலிருந்து அங்கே ஓடி வந்துவிட்டார். வீடு திரும்பும்போது ஆட்டோவில் எதையோ முடிவு செய்துகொண்டவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அது எனக்கு இப்போது விளங்குகிறது.

அப்படியே பல மாதம் போனது. உடம்பு தேறியது. கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிற அளவுக்கு நடந்தேன்.

பிறகு தீபாவளி கழிந்து புகை மாதம் வந்தது. டெல்லியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சூரியன் வெளுத்துப்போய்த் தொங்கும், தொண்டை கரிக்கும், புகை இன்னும் கூடாமலிருக்க லாரிகளை ஊர் எல்லையில், பார்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்களுக்குத் தண்ணீர்ப் பைகள் அதற்கு முந்தியே வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கியாகிவிட்டது. நான் தினமும் குனிந்து பார்த்து, பை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலை வயிறு முறுக்கியது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் வடியும்போது வலி கூடியது. பையைக் காலண்டர் தாளின் மேல் வைத்தேன். ராசி பலன் தெரியவில்லை. ராகு காலமும் தெரியவில்லை. சோறு வடித்த கஞ்சி மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ப்ரியாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அம்மா, டென்ஷன் மத் லோ, பயப்படாத, நான் கேப் புக் பண்றேன்" என்றாள். அவள் குரல்தான் உடைந்திருந்தது. அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கை நடுங்காத மனுஷன், பை தளும்பியது.

பையையும் கூடவே கொண்டுபோக வேண்டும். கேபில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளஞ்சூடாக இருந்தது.

எமர்ஜென்சியில் சக்கர நாற்காலியில் வெகுநேரம். காய்ச்சல் ஏறிப் பல் கிட்டியது. பையிலிருந்து தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெள்ளை அணுக்கள் மிக அதிகம். வயிற்று ஜவ்வில் கிருமி. பெரிட்டோனைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். மருந்தை ஊசியாகப் போடாமல், தண்ணீர்ப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். எந்தக் கிருமி என்று தெரிய நாளாகும். அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வளரவிட்டுப் பார்ப்பார்களாம். கல்ச்சர் என்கிறார்கள். அதுவரை பொதுவான மருந்து. அதற்குள் தெளியாவிட்டால் குழாயைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

வார்டில் என் பக்கத்துக் கட்டில் மீரட்காரம்மா. அவளுக்கும் கிட்னிதான். கனத்த உடம்பு, கனத்த குரல். ஒவ்வொரு தடவை பை வடியும்போதும் நான் எழுந்து எழுந்து பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். "அரே மத்ராசன், நீ பயப்படுறதுல பிஎச்டி பண்ணியிருக்கே" என்று இந்தியில் சொல்வாள். அவள் வீட்டிலிருந்து வரும் ரொட்டியில் ஒன்றை, நான் வேண்டாம் என்றாலும், என் தட்டில் வைப்பாள். "சாப்பிட்டாத்தான் பயப்படவும் தெம்பு இருக்கும்."

அவர் ஆபீஸ் முடிந்து வெந்நீர் ஃபிளாஸ்கோடு வருவார். ஆபீஸ் மருத்துவ அட்டைக்குக் கையெழுத்து வாங்க ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு அலைந்துவிட்டு வருவார். வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பையைப் பார்ப்பார். அது இன்னும் கஞ்சியாகவே இருந்தது. ப்ரியா காலேஜ் புத்தகத்தோடு வந்து என் கால்மாட்டில் சுருண்டுகொள்வாள். மருந்து வாடை பட்ட என் காலைத் தன் சால்வையால் மூடிப் பிடித்துக்கொண்டு படிப்பாள்.

எனக்கு ஒரே யோசனை, எங்கே தப்பு நடந்தது? நான் தும்மினேனா? பூனை உள்ளே வந்ததா? புகை ஜன்னல் இடுக்கில் நுழைந்ததா? தப்பு முழுவதும் என் உடம்பில்தான் எங்கேயோ இருக்கிறது என்று தேடித் தேடி அலுத்துப்போனேன்.

ஜெபா ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  அவர் அப்போதுதான் வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"பேச்சியக்கா, கல்ச்சர் வந்திருச்சு. இது தோல்ல இருந்து வர்ற கிருமி இல்ல. கை பட்டுருந்தா வேற மாதிரி வரும். இது தண்ணியில இருக்குற கிருமி. ஈரமான எடத்துல, குழாய்ல, ஃபில்டர்ல வளரும். பொல்லாதது. எங்கயாவது தண்ணி பட்டுச்சாக்கா?"

"இல்ல ஜெபா. குளிக்கும்போது கூட பிளாஸ்டிக் ஒட்டித்தான் குளிப்பேன். அன்னைக்கு ஒருநா தும்முனேன்..."

"தும்மல் இல்லக்கா. தண்ணி. நல்லா யோசிங்க."

"மழைகூட இல்லையே. எங்க படும்? நான் வாளியத் தூக்குனா கூட..."

அவர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், மூடிய வேகவச்சேன்."

ஜெபாவுக்குப் புரியவில்லை. "என்ன மூடி அண்ணே?"

"குழாய் மூடிதான். பையெல்லாம் வந்துட்டு, மூடிப் பெட்டி மட்டும் வரல. போன் பண்ணா வண்டி பார்டர்ல நிக்கி, நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னாம். கைல இருந்தது தீந்து போச்சு. கழத்துன மூடிய எடுத்து, இவ தூங்குன பொறவு இட்லிச் சட்டியில வச்சேன். ஆவி நல்லா வந்த பொறவுதான் எறக்குனேன். புள்ளைக்குப் பால் பாட்டில் அப்பிடித்தான வேகவப்போம், ஆஸ்பத்திரியிலயே சொல்லிக் குடுத்தாங்கல்லா. பொறவு நல்ல தண்ணியிலதான் அலசுனேன். ஆர்ஓ தண்ணி. வீட்ல புண்ணுக்குப் போடுத ப்ரவுன் மருந்து இருந்துச்சு, அதுல ரெண்டு சொட்டு உள்ள விட்டேன். பெட்டி வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன்."

பரீட்சையில் ஒப்பிக்கிற பையன் மாதிரி வரிசையாகச் சொன்னார். ஒரு படிகூட விடவில்லை. அத்தனை பக்குவமாகச் செய்திருக்கிறார்.

ஜெபா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "சட்டிக்குள்ள இருக்குற வரைக்கும் சரி அண்ணே. மூடியத் தொறந்து வெளிய எடுத்தீங்கல்லா, அதோட போச்சு. அடுக்களைக் காத்து, எடுக்குற கரண்டி எல்லாம் பட்டுருச்சு. ஆர்ஓ தண்ணி குடிக்கத்தான் நல்லது. அந்த ஃபில்டருக்குள்ளயே இந்தக் கிருமி கூடு கட்டும். உள்ள இருந்த மருந்தும் ஆவியில கரைஞ்சு வடிஞ்சுருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே அண்ணே. இங்க பெட்டி பெட்டியா கெடக்கு. நானே வந்து தந்துருப்பேனே."

அவர் என்னைக் காட்டி, "போட்டா இவளுக்குக் கேக்கும்லா" என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். மூடி தீர்ந்துவிட்டது என்று என் காதில் விழுந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு ஆட்டோவில் அவர் முடிவு செய்துகொண்டது இதுதான்: இனிமேல் எதுவும் இவளுக்குத் தெரியக் கூடாது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. மீரட்காரம்மாவுக்கு எங்கள் பேச்சு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நான் எழப் போனபோது கையை நீட்டி என்னை அமர்த்தி, "ரோனே தோ உஸே" என்றாள். அழட்டும், விடு என்று.

ப்ரியாதான் கோபப்பட்டாள். வராந்தாவில் நின்று அவள் கத்தியது உள்ளே கேட்டது. "அப்பா, எனக்காவது சொல்லியிருக்கலாம்ல! நான் ஸ்கூட்டில போய் வாங்கிட்டு வந்திருப்பேன்ல!"  

மருந்தை மாற்றினார்கள். இரண்டு விதமான மருந்து பைக்குள் போனது. காய்ச்சல் இறங்கியது, ஏறியது. வயிற்றில் போர்வை பட்டாலும் வலித்தது. தண்ணீர் தெளியவில்லை. டாக்டர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில், எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்தக் கிருமி குழாயின் சுவரிலேயே பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு தன்மேல் ஒரு கூடு போர்த்திக்கொள்ளும். மருந்து அதற்குள் போகாது. குழாய் இருக்கும்வரை கிருமியும் இருக்கும். எடுக்காவிட்டால் இரத்தத்தில் கலந்துவிடும்.

"எடுத்தா?" என்று கேட்டேன்.

"மெஷின். மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்."

"மறுபடி குழாய் வைக்கலாமா மேடம்?"

"தேக்தே ஹைன்" என்றார். பார்க்கலாம். டாக்டர்கள் அந்த வார்த்தையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. அதில் இரண்டு விதம் உண்டு. இது இரண்டாவது விதம்.

எடுத்துவிட்டார்கள். அதற்கான தாளில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பிறகு ஸ்கேன் பார்த்தார்கள். ஜவ்வு அங்கங்கே ஒட்டிப்போய் வடு விழுந்துவிட்டது. இனி அந்த வழி இல்லை.

கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். அது வழியாகத்தான் இப்போது மெஷின். முதல் தடவை ஏற்றியபோது, ஓடத் தொடங்கியதுமே கண் இருட்டியது. நிறுத்திவிட்டு, காலைத் தூக்கிவைத்து, மெதுவாக மறுபடி ஓட்டினார்கள். இப்போது வாரத்துக்கு மூன்று தடவை போகிறேன். மூடுபனியில் ஆட்டோ ஊர்ந்து போகும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவேனா என்று நினைத்துத்தான் ஏறுகிறேன். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தவர்கள், அது பம்ப் செய்வது முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று ப்ரியாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் மறைக்கவில்லை. மறைக்கக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கேட்டதும் கை கால் உதறத்தான் செய்தது. உதறி முடிந்ததும் அடுப்பில் பாலை வைத்தேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஏதாவது தீர்ந்துபோனால் நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டில் பயந்தவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், அவர் முன்னால் வைத்தே சொல்லுங்கள். மயக்கம் போட்டு விழுந்தால் விழட்டும், தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொள்ளலாம். கொதிக்கவைத்ததெல்லாம் ஸ்டெரைல் இல்லை. உறை கிழிக்காமல் வந்தது மட்டும்தான் ஸ்டெரைல், அதுவும் கிழிக்கிறவரைதான்.

மெஷின் இல்லாத நாட்களில் வீட்டில் இருக்கிறேன். கழுத்துக் குழாய் மேல் போட்ட கட்டுத் துணியை ப்ரியா பார்த்துக்கொள்கிறாள். ஜெபா அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவர் அந்த நேரம் வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொள்கிறார். சமைக்கிறார், துணி துவைக்கிறார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுகிறார். மாத்திரையை உறையோடு கொடுக்கிறார், பிரித்துத் தருவதில்லை. ஒரே கட்டிலில் படுத்தவர், எதிர்ச் சுவரோரம் பாயைப் போட்டுக்கொண்டார். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறார். கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிகிறது. ஆபீஸில் டீத் தட்டு ஏந்தும் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டாராம். அவரோடு வேலை பார்க்கிறவர் பார்க்க வந்தபோது சொன்னார்.

கழுத்தில் குழாய் இருப்பதால் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, அந்தப் பக்கக் கையைத் தூக்கவும் பயம். முடி சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. ப்ரியா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், படிக்கவில்லை.

"ஏங்க, இந்தத் தலையக் கொஞ்சம் வாரி விடுதியளா? அரிக்கி."

"ப்ரியா வரட்டும்."

"அவ வர இருட்டிரும். கழுத்துப் பக்கம் வராண்டாம். நுனிய மட்டும் பிரிச்சு விடுங்க."

அவர் தன் கைகளைப் பார்த்தார். எழுந்தார். "இரு, கழுவிட்டு வாரேன்."

"கழுவாண்டாம். முடிதான. இப்பிடியே வாங்க."

"இந்தா, ஒரு நிமிசம்."

நான் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்பு டப்பா சத்தம். நின்றுவிடும் என்று பார்த்தேன். மறுபடியும் சோப்பு.

"போதும்ங்க, வாங்க" என்று கூப்பிட்டேன்.

 எரிச்சல் தாங்காமல் பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. வெடித்த விரலில் சோப்பு பட்டிருக்கும்.

"போதும்னா கேளுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.